இரண்டு சொட்டு டீசல், பத்து கிராம் வாயு: டூயல் ஃப்யூவல் எஞ்சினின் பற்றவைப்பைக் கணினியில் பார்ப்பது எப்படி?

எல்.என்.ஜி. எனப்படும் திரவ இயற்கை வாயுவை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் பலவற்றில் ஃபின்லாந்தின் வார்ட்சிலா நிறுவனம் தயாரிக்கும் 50டிஎஃப் என்ற டூயல் ஃப்யூவல், அதாவது இரண்டு எரிபொருளில் ஓடும், எஞ்சின் ஓடுகிறது. சிலிண்டரின் விட்டம் 50 சென்டிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 58 சென்டிமீட்டர். பிஸ்டன் ஒருமுறை நகரும்போது மட்டும் 114 லிட்டர் இடத்தைத் துடைத்துவிட்டுப் போகிறது. நிமிடத்துக்கு 514 சுற்றில் ஒரே ஒரு சிலிண்டர் 975 கிலோவாட் திறன் தருகிறது. இந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இருக்கும் வாயுவைப் பற்றவைப்பது கொஞ்சம் டீசல்தான். முழுச் சுமையில் ஓடும்போது அந்த டீசலின் பங்கு மொத்த எரிபொருள் ஆற்றலில் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் ஒரு சிலிண்டரில் நொடிக்கு நாலே சொச்சம் முறைதான் எரிதல் நடக்கிறது. 975 கிலோவாட்டை அதால் வகுத்தால், ஒவ்வொரு முறையும் சுமார் 228 கிலோஜூல் வேலை கிடைக்க வேண்டும். செயல்திறனை 47 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு முறைக்கு வேண்டிய இயற்கை வாயு கிட்டத்தட்ட 10 கிராம். ஒரு சதவீத ஆற்றலுக்கான டீசல் 0.1 கிராம்தான். இரண்டு மூன்று சொட்டு.

இந்த இரண்டு மூன்று சொட்டும் சரியான நேரத்தில், சரியான இடத்தில் பற்றிக்கொள்ள வேண்டும். தாமதமானால் வாயு அரைகுறையாக எரியும், சில நேரம் எரியாமலே வெளியே போகும். எரியாத மீத்தேன் வளிமண்டலத்துக்குப் போவது சின்ன விஷயமில்லை. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மாறாக, சீக்கிரமாகவோ வேகமாகவோ பற்றினால் அழுத்தம் திடீரென்று ஏறி, தீ இன்னும் போய்ச் சேராத மூலையில் இருக்கும் வாயு தானாகவே வெடிக்கும். அதைத்தான் நாக்கிங் என்கிறோம். நாக்கிங்குக்கும், பற்றாமல் போகிற மிஸ்ஃபயருக்கும் நடுவில் இருக்கிற ஒடுக்கமான வழியில்தான் இந்த எஞ்சின் ஓடியாக வேண்டும். அந்த வழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கணினியில் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? அதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஏன் இரண்டு எரிபொருள்?

இயற்கை வாயுவில் பெரும்பங்கு மீத்தேன். நடுவில் ஒரு கார்பன், சுற்றி நான்கு ஹைட்ரஜன், அவ்வளவுதான். ஆனால் அந்த ஹைட்ரஜனில் ஒன்றைப் பிய்த்தெடுப்பது கஷ்டம். ஒரு மோலுக்கு சுமார் 439 கிலோஜூல் தேவைப்படும். டீசலில் இருக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் நடுப்பகுதியில் அதே வேலைக்கு 410 போதும். வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் வினையின் வேகம் வெப்பநிலையோடு அடுக்குக்குறியாக மாறும் என்பதால் இந்தச் சிறிய வித்தியாசம் பெரிய விளைவாக முடிகிறது. ஆய்வகத்தில் காற்றில் வைத்துச் சூடேற்றினால் டீசல் 250 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே தானாகப் பற்றும். மீத்தேனுக்கு 540 டிகிரி அளவில் வேண்டும்.

அதனால் டீசல் எஞ்சினில் வெறும் வாயுவை அடைத்து அழுத்தினால் ஒன்றும் நடக்காது. வாயுவைக் காற்றோடு கலந்து உள்ளே இழுத்து அழுத்திவிட்டு, பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது துளி டீசலைப் பீய்ச்சினால் கதை மாறும். டீசல் தானாகப் பற்றும், அந்தத் தீ வாயுவுக்குப் பரவும். இது புதிய யோசனையும் அல்ல. ருடால்ஃப் டீசலே 1901-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை ஒன்றில், எளிதில் பற்றாத எரிபொருளை எளிதில் பற்றும் எரிபொருளால் கொளுத்தும் முறையை விவரித்திருக்கிறார். இந்தியாவில் 2015 ஜனவரியில் அரியானாவின் ரேவாரி–ரோத்தக் பாதையில், டீசலோடு சி.என்.ஜி.யும் சேர்த்து எரிக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. அதுவும் இதே குடும்பம்தான்.

வாயு வந்தால் டீசல் ஏன் தயங்குகிறது?

சுற்றிலும் எரியக்கூடிய வாயு இருந்தால் டீசல் இன்னும் சுலபமாகப் பற்றும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. வெறும் காற்றில் பீய்ச்சினால் எவ்வளவு நேரத்தில் பற்றுமோ, மீத்தேன் கலந்த காற்றில் அதைவிட அதிக நேரம் எடுக்கிறது. டீசல் இன்ஜெக்டரை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்து தீ பிடிக்கும் கணம் வரையிலான இடைவெளிக்குப் பற்றல் தாமதம் என்று பெயர். டூயல் ஃப்யூவல் எஞ்சினைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்தத் தாமதத்தைச் சுற்றியே நடக்கிறது.

காரணங்கள் மூன்று. முதலாவது எளிது: மீத்தேன் இடம் பிடிப்பதால் ஆக்சிஜன் குறைகிறது. முழுதாக எரியத் தேவையானதைப் போல இரு மடங்கு காற்று இருக்கும்படி கலந்தால், கலவையில் மீத்தேன் 5 சதவீதம். ஆக்சிஜன் 21-இலிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கும். இது சிறிய மாற்றம்தான்.

இரண்டாவது, வெப்பம். ஒரு மூலக்கூறுக்கு எவ்வளவு வெப்பம் பிடிக்கும் என்று பார்த்தால், மீத்தேன் காற்றைவிட அதிகம் பிடிக்கும். அழுத்தும்போது வரும் வெப்பத்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்வதால், உச்சியில் வெப்பநிலை குறைகிறது. எவ்வளவு குறையும்? கம்ப்ரஷன் ரேஷியோ 16 உள்ள, அதாவது உள்ளிருக்கும் வாயுவைப் பதினாறில் ஒரு பங்கு இடத்துக்கு அழுத்தும், சிறிய டீசல் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொடக்க வெப்பநிலை 330 கெல்வின், அழுத்தலின் அடுக்கு எண் 1.35. அடுக்கு எண்ணில் ஒன்றைக் கழித்து, 16-ஐ 0.35 என்ற அடுக்குக்கு உயர்த்தி 330-ஆல் பெருக்கினால் 871 கெல்வின் வரும். மீத்தேன் சேர்ந்ததால் அடுக்கு எண் 1.335 ஆனது என்று வைத்தால் 835 கெல்வின்தான். கிட்டத்தட்ட 35 டிகிரி குறைவு. பற்றல் நடக்கிற எல்லையோரத்தில் 35 டிகிரி என்பது நிறைய.

மூன்றாவது, வேதியியல். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டீசல் ஒரே அடியாகப் பற்றுவதில்லை. முதலில் ஹைட்ராக்சில் என்ற ராடிகல் ஒன்று, அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு வினைபுரியத் துடிக்கும் ஒரு துண்டு, டீசல் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. மிச்சமிருக்கும் சங்கிலியில் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு ஒட்டிக்கொள்கிறது. சங்கிலி வளைந்து, தன் உடம்பிலேயே இன்னொரு ஹைட்ரஜனை இடம் மாற்றிக்கொள்கிறது. இரண்டாவது ஆக்சிஜன் வந்து ஒட்டுகிறது. அப்புறம் அந்தப் பாரம் தாங்காமல் மூலக்கூறு உடைகிறது. ஒரு ஹைட்ராக்சிலைச் செலவழித்த இடத்தில் இரண்டு ஹைட்ராக்சிலும், கூடவே இன்னொரு ராடிகலும் திரும்பி வருகின்றன. போட்ட முதல் வட்டியோடு வருகிறது, அந்த வட்டியும் மறுபடி முதலாகிறது. வட்டிக்கு வட்டி ஏறுவது போல ஹைட்ராக்சில் பெருகிக்கொண்டே போகும்.

இந்த நேரத்தில் மீத்தேன் குறுக்கே வருகிறது. அதுவும் ஹைட்ராக்சிலை வாங்கிக்கொள்ளும். பதிலுக்குத் தருவது தண்ணீரும் மெத்தில் என்ற மந்தமான ராடிகலும்தான். மெத்தில் ஆக்சிஜனோடு சுறுசுறுப்பாக வினைபுரிவதில்லை. இரண்டு மெத்தில்கள் சந்தித்தால் சேர்ந்து ஈத்தேனாகி ஓய்ந்துவிடும். கொடுத்தது வாராக்கடன். மீத்தேனுக்கு ஹைட்ராக்சில் மீது டீசல் மூலக்கூறு அளவுக்கு ஈர்ப்பு இல்லை என்றாலும், ஆள்பலம் அதிகம். டீசல் பீய்ச்சலின் ஓரத்தில், டீசல் ஆவி மெல்லியதாக இருக்கிற இடங்களில், அதைச் சுற்றி மீத்தேன்தான் நிரம்பியிருக்கும்.

கணினிக்குள் என்ன இருக்கிறது?

இங்கே தொடக்கநிலை மாணவர்கள் பலர் நேராக வண்ணமயமான முப்பரிமாணப் படங்களுக்குப் போய்விடுகிறார்கள். அது தேவையில்லை, முதலில் நல்லதும் இல்லை. ஒரு எஞ்சின், பிஸ்டன், பீய்ச்சல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, மூடிய ஒரு பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே எல்லா இடமும் ஒரே கலவை, ஒரே வெப்பநிலை. இதைப் பூஜ்யப் பரிமாண மாதிரி என்பார்கள். இடம் என்ற மாறியே இல்லை, நேரம் மட்டும்தான்.

இந்தப் பெட்டிக்கு வேண்டியது வினைகளின் பட்டியல். துறையில் இதை மெக்கானிசம் என்றே சொல்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு வினை இருக்கும், அதன் வேகத்தைச் சொல்லும் மூன்று எண்களும் இருக்கும். கணினி ஒவ்வொரு கணமும் எல்லா வினைகளின் வேகத்தையும் கூட்டிக் கழித்து, ஒவ்வொரு மூலக்கூறும் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது, வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்று கணக்கிடும். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் 1980-இல் கெம்கின் என்ற நிரலை இதற்காகவே உருவாக்கியது. இன்று மாணவர்களுக்கு வசதியானது கான்டெரா. கால்டெக்கில் டேவிட் குட்வின் தொடங்கியது, இலவசம், பைத்தானிலிருந்தே ஓட்டலாம்.

உண்மையான டீசலில் நூற்றுக்கணக்கான வகை மூலக்கூறுகள் இருக்கின்றன. அத்தனையையும் கணக்கில் எடுக்க முடியாது. அதனால் ஒன்றை மட்டும் பிரதிநிதியாக வைப்பார்கள், வழக்கமாக என்-ஹெப்டேன் அல்லது என்-டோடெகேன். எரிபொருள் எவ்வளவு எளிதில் தானாகப் பற்றும் என்பதைச் சொல்லும் சீட்டேன் எண் என்-ஹெப்டேனுக்கு 56 அளவில் இருப்பதால், பற்றும் குணத்தில் டீசலுக்கு நெருக்கமாக வருகிறது. அதன் முழு மெக்கானிசம் ஒன்றில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மூலக்கூறு வகைகளும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வினைகளும் உண்டு. முக்கியமில்லாதவற்றை வெட்டி நூறு, ஐம்பது என்று சுருக்குவது தனியொரு கலை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இயற்கை வாயு என்றதும் எல்லோரும் கைவைப்பது ஜி.ஆர்.ஐ.-மெக் 3.0 என்ற மெக்கானிசத்தில். 53 மூலக்கூறு வகைகள், 325 வினைகள், கான்டெராவோடு கூடவே வருகிறது. மீத்தேனுக்கு அருமையானது. ஆனால் அதில் புரொப்பேனுக்கு மேல் நீளமான எரிபொருள் எதுவும் கிடையாது, டீசல் பிரதிநிதியை அதில் வைக்கவே முடியாது. தவிர, அதை உருவாக்கியவர்கள் சரிபார்த்த எல்லை 1000 கெல்வினுக்கு மேல், அழுத்தம் ஏறத்தாழ 10 பார் வரை (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டலத்தின் அழுத்தம்). எஞ்சினில் பைலட் டீசல், அதாவது வாயுவைக் கொளுத்தப் பீய்ச்சும் அந்தத் துளி டீசல், பற்றும் நேரத்தில் வெப்பநிலை 1000-க்குக் கீழே, அழுத்தம் 50 பாருக்கும் மேலே இருக்கும். எல்லைக்கு வெளியே ஓட்டினாலும் கணினி எந்தக் குறையும் சொல்லாமல் ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணை நம்பக் கூடாது. கான்டெராவிலேயே 100 மூலக்கூறு வகைகள் கொண்ட என்-டோடெகேன் மெக்கானிசம் ஒன்று இருக்கிறது. பழகுவதற்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.

சரி, பெட்டியில் என்-டோடெகேனும் காற்றும் போட்டு, 850 கெல்வின், 60 பாரில் தொடங்கி வெப்பநிலையை வரைந்து பாருங்கள். கோடு கொஞ்ச நேரம் தட்டையாகப் போகும். பிறகு ஒரு சிறிய மேடு ஏறும். அதுதான் குளிர்ச்சுடர், மேலே சொன்ன வட்டிக்கு வட்டி நடக்கும் கட்டம். மேடு ஏறியதும் கோடு மறுபடி தயங்கும். சூடு ஏறியதால், சங்கிலியில் ஒட்டிய ஆக்சிஜன் நிலைக்காமல் கழன்றுவிடுகிறது, பெருக்கம் தளர்கிறது. அந்த ஓய்வில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்துகொண்டே போகிறது. 1000 கெல்வின் வாக்கில் அது மொத்தமாக இரண்டு இரண்டு ஹைட்ராக்சில்களாக உடைய, கோடு செங்குத்தாக மேலே போகிறது. அந்தக் கணம்தான் உண்மையான பற்றல். இரண்டு படியாக நடக்கும் இந்தப் பற்றலை ஒருமுறை சொந்தக் கண்ணால் திரையில் பார்த்துவிட்டால், டீசலைப் பற்றிப் படிக்கிற மற்ற எல்லாமே சுலபமாகப் புரியும்.

பொய் மீத்தேன்

இப்போது அந்த மூன்று காரணங்களுக்கு வருவோம். ஆய்வகத்தில் மீத்தேனைச் சேர்த்தால் மூன்றும் ஒன்றாகவே வரும். ஆக்சிஜன் குறையும், சூடு குறையும், ஹைட்ராக்சில் பறிபோகும். எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. கணினியில் வழி இருக்கிறது. இந்தத் துறையில் சிமுலேஷனின் உண்மையான பலம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். எஞ்சினில் நடப்பதை நகலெடுப்பதைவிட, எஞ்சினில் நடக்கவே முடியாத ஒன்றை நடத்திப் பார்க்க அது இடம் தருகிறது.

செய்முறை இப்படி. மெக்கானிசக் கோப்பில் மீத்தேனின் பதிவை நகலெடுத்து வேறொரு பெயர் கொடுக்க வேண்டும். எடை, வெப்பக் கொள்ளளவு எல்லாம் அதே. ஆனால் அது எந்த வினையிலும் எரிபொருளாகக் கலந்துகொள்ளாது. ஒரு பொய் மீத்தேன். கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு: சில வினைகளில் மீத்தேன் எரியாமலேயே, மோதி ஆற்றலை வாங்கிக்கொள்ளும் மூன்றாவது ஆளாக நிற்கிறது. அந்த வரிகளில் பொய் மீத்தேனுக்கும் அதே மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பீடு சுத்தமாக இருக்காது.

பிறகு மூன்று ஓட்டங்கள். முதலில் டீசல் பிரதிநிதியும் வெறும் காற்றும். அடுத்து காற்றில் 5 சதவீதம் பொய் மீத்தேன். கடைசியாக 5 சதவீதம் நிஜ மீத்தேன். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள தாமத வித்தியாசம் ஆக்சிஜனும் வெப்பமும் செய்தது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம் வேதியியல் செய்தது. தொடக்க வெப்பநிலையை மூன்றுக்கும் ஒன்றாகவே வைத்தால் அழுத்தலின்போது இழந்த 35 டிகிரி கணக்கில் வராது. அதையும் சேர்க்க வேண்டுமானால் மீத்தேன் உள்ள இரண்டு ஓட்டங்களையும் அந்த அளவு தாழ்ந்த வெப்பநிலையில் தொடங்க வேண்டும். 750 கெல்வினிலிருந்து 1000 வரை இதையே திரும்பத் திரும்ப ஓட்டினால், பங்குகள் இடத்துக்கு இடம் மாறுவது தெரியும்.

பெட்டியிலிருந்து சிலிண்டருக்கு

பெட்டியில் பார்த்தது வேதியியல் மட்டும். நிஜ சிலிண்டரில் டீசல் திரவமாக வருகிறது, இழைகளாகக் கிழிகிறது, துளியாகிறது, ஆவியாகிறது, சுழலும் காற்றோடு கலக்கிறது. எல்லாம் ஓரிரு மில்லி நொடிக்குள். நிமிடத்துக்கு 1500 சுற்று வேகத்தில், பிஸ்டனோடு இணைந்து சுழலும் கிராங்க் தண்டு ஒரு டிகிரி திரும்ப 0.11 மில்லி நொடிதான் ஆகும். தாமதம் ஒரு மில்லி நொடி கூடினால் கிராங்க் 9 டிகிரி தாண்டிப் போய்விடும்.

இதைக் கணக்கிட சிலிண்டரைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிப்பார்கள். இதுதான் மெஷ். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1980-களில் உருவான கீவா நிரல் இந்த வழியைத் திறந்தது. இன்று கன்வெர்ஜ், ஓப்பன்ஃபோம் போன்றவை பரவலாகப் புழங்குகின்றன. பத்து லட்சம் கட்டங்கள், 100 மூலக்கூறு வகைகள் என்றால், ஒவ்வொரு நேரப் படியிலும் பத்து கோடி அளவுகளைப் புதுப்பிக்க வேண்டும். அதோடு, சில வினைகள் நானோ நொடியில் முடிகின்றன, சில மில்லி நொடி எடுக்கின்றன. இரண்டையும் ஒரே கணக்கில் கட்டி மேய்ப்பதுதான் கணினி நேரத்தில் பெரும்பங்கை விழுங்குகிறது.

இன்னொரு தலைவலி, தீயின் தடிமன். எஞ்சின் அழுத்தத்தில் மீத்தேன் தீயின் முகப்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். மெஷ் கட்டமோ பீய்ச்சலின் அருகில்கூடக் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர். ஒரே கட்டத்துக்குள் தீ முழுதாக ஒளிந்துகொள்ளும். அதனால் வாயுவுக்குள் தீ பரவுவதை நேரடியாகக் கணக்கிடாமல், தீயின் வேகத்தைத் தோராயப்படுத்தும் ஒரு மாதிரியை நம்ப வேண்டியிருக்கிறது. டீசல் தானாகப் பற்றுவதற்கு ஒரு கணக்கு, வாயுவில் தீ பரவுவதற்கு இன்னொரு கணக்கு. ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்க வேண்டும் என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற கேள்வி.

முடிவுகள் சரியா என்று எப்படிப் பார்ப்பது? சிலிண்டர் அழுத்தக் கோட்டோடு ஒத்துப்போனால் போதும் என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பீய்ச்சல் மாதிரியில் ஒரு தவறும் வேதியியலில் எதிர்த்திசையில் ஒரு தவறும் இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று மறைத்து அழுத்தக் கோடு அழகாகப் பொருந்திவிடும். பைலட் டீசலின் அளவை மாற்றியதும் குட்டு வெளிப்படும். நம்பத்தகுந்த சோதனை, தீயையே பார்ப்பது. பிஸ்டனில் குவார்ட்ஸ் கண்ணாடி பதித்த எஞ்சின்களில் லேசர் ஒளியால் ஃபார்மால்டிஹைடைப் படம் பிடிக்கிறார்கள். அது தெரியும் இடத்தில் குளிர்ச்சுடர் நடந்திருக்கிறது. ஹைட்ராக்சில் ஒளிரும் இடத்தில் உண்மையான தீ வந்துவிட்டது. சிமுலேஷன் இந்த இரண்டையும் அதே இடத்தில், அதே வரிசையில் காட்டுகிறதா என்று ஒப்பிட வேண்டும். வாயு கலக்காத வெறும் டீசல் பீய்ச்சலுக்கு, எஞ்சின் கம்பஸ்ஷன் நெட்வொர்க் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு ஸ்ப்ரே ஏ என்ற பொது அளவுகோலை வைத்திருக்கிறது. என்-டோடெகேன், 900 கெல்வின், இன்ஜெக்டர் துளை 90 மைக்ரான், 1500 பார் பீய்ச்சல் அழுத்தம். அதில் தேறாத மாதிரியை மீத்தேன் கலவைக்குக் கொண்டுபோவதில் அர்த்தமில்லை.

பெட்டிச் சோதனை கைவந்துவிட்டது என்றால் அடுத்து ஒன்றைச் செய்து பார்க்கலாம். டீசலை எடுத்துவிட்டு வாயுவை மட்டும் வைத்து, மீத்தேனில் பத்தில் ஒரு பங்கை ஈத்தேனாக மாற்றுங்கள். சந்தையில் வரும் எல்.என்.ஜி.யில் ஈத்தேன், புரொப்பேன் அளவு அது கிளம்பிய துறைமுகத்தைப் பொறுத்து மாறும். ஈத்தேனின் ஹைட்ரஜன் மீத்தேனைவிட எளிதாகக் கழலும், அதனால் கலவை தானாகப் பற்றும் நேரம் சுருங்குவதைத் திரையில் பார்க்கலாம். நாக்கிங் வரும் மூலையில் நிற்கிற வாயுவுக்கும் இதே கதிதான். கப்பல் எஞ்சின் தயாரிப்பாளர்கள் நாக்கிங்கை வாயு எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் மீத்தேன் எண் இத்தனைக்குக் கீழே போனால் சுமையைக் குறைக்கச் சொல்வது இதனால்தான்.